மாட்டி வைக்கும் விளம்பரம்

பர் துபாயின் துணிக்கடைத் தெருவை ஒட்டிய குறுகலான சந்துதான் 'ஹிந்தி லேன்'. பூச்சரம், தேங்காய், குங்குமம் என்று பூஜைக்கு வேண்டியதை விற்கும் கடைகளில் சாமி படங்களும் கிடைக்கும். தாமரைமேல் நிற்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி. இந்தப் படங்களுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரீஸில் நடன அரங்குகளுக்காக ஒட்டப்பட்ட சுவரொட்டிகளுக்கும் பூர்வீகம் ஒன்றே: ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த கல்லச்சு.

தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிய அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதே சூட்சுமம். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். செதுக்க வேண்டியதில்லை. கோடு கைபோன போக்கிலேயே தாளில் இறங்கும். வண்ணப் படமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்.

லண்டனில் தொழில் கற்ற ழூல் ஷெரே 1866-இல் பாரீஸில் வண்ணச் சுவரொட்டிகளை அச்சிடத் தொடங்கினார். 1881-இன் பத்திரிகைச் சட்டம் சுவரொட்டிக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்த, நகரமே நிறம் மாறியது. 1891-இல் முலான் ரூஜ் அரங்குக்காக துலூஸ் லோத்ரெக் வரைந்த சுவரொட்டி சுமார் 3,000 படிகள் அச்சாயிற்று. பசை காயும் முன்பே உரித்துக்கொண்டு போகும் ரசிகர்கள் கிளம்பினார்கள். சுவரொட்டிகளையே விற்கும் வியாபாரிகளும் வந்துவிட்டார்கள்.

இந்தியாவில் கதை வேறு திசையில் போனது. ஓவியர் ரவி வர்மாவின் படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடலாமே என்று 1884-இல் யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக இருந்த டி. மாதவ ராவ். பத்தாண்டு கழித்து, 1894-இல், ரவி வர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பின்னாளில் அவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் ஷ்லைகரே அச்சகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டார். ரவி வர்மா படங்கள் வினோலியா சோப்பு காலண்டரில் ஏறின. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டருக்கு எம்.வி. துரந்தர் பாலகிருஷ்ணனை வரைந்து கொடுத்தார்.

பாரீஸ் சுவரொட்டிக்குக் கிடைத்தது வழிப்போக்கரின் ஒரு நொடிப் பார்வை. அதனால் பெரிய எழுத்து, நாலைந்து வண்ணம், ஒரே வீச்சில் உருவம். காலண்டரோ வீட்டுக்குள் ஓராண்டு தொங்க வேண்டும். சாமி படத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள் என்பது வியாபாரிக்குத் தெரியும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அலுக்காதபடி நகை, ஜரிகை, மாலை என்று படம் நிறைந்தது. சரக்கின் பெயர் ஓரத்துக்கு ஒதுங்கியது.

தமிழ்நாட்டில் இந்தக் காலண்டர் தொழிலுக்கு வழிவிட்டது தீப்பெட்டி. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்க, லேபிள் அடிக்க லித்தோ, அதாவது கல்லச்சு, அச்சகங்கள் வேண்டியிருந்தன. லேபிளைத் தொடர்ந்து காலண்டர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சிவகாசி அச்சகங்களுக்காகச் சாமி படங்களை வரைந்து தள்ளினார். கல் போய் ஆஃப்செட் வந்த பிறகும் அந்த முகவெட்டு மாறவில்லை.

ஆண்டு முடிந்ததும் கடைப்பெயர் இருக்கும் அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போடுவது நம் வீடுகளில் வழக்கம். பழைய படங்களைத் தேடுகிறவர்களுக்கோ அந்தத் துண்டுதான் முக்கியம். எந்த ஆண்டு, எந்த ஊர், யாருடைய செலவில் அச்சான லட்சுமி என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது.