இருதயச் சுவரில் ஒரு கம்பிப் பந்தல்

மார்பைப் பிளவாமல் இருதயத்தினுள்ளே புகுந்து, பிறவியிலேயே அங்கு அமைந்த துவாரத்தை அடைத்துவிட்டு, வந்த வழியே மீளலாம் என்று நம் பாட்டனார் காலத்தில் எவரேனும் கூறியிருந்தால், அதனைச் சித்தர் கதை என்றே கேட்டிருப்பர். இன்று அது வைத்தியசாலைகளில் சாதாரணமாக நிகழும் காரியம்.

இருதயம் நான்கு அறைகள் கொண்டதொரு வீடு. மேலறைகள் இரண்டினையும் ஒரு சுவர் பிரிக்கின்றது. சுவாசப்பையிலிருந்து வரும் தூய இரத்தம் இடப்புற அறையிலும், உடலெங்கும் சுற்றி வரும் இரத்தம் வலப்புற அறையிலும் சேரும். சிலருக்குக் கருவிலேயே அச்சுவரின் ஒரு பகுதி வளராது நின்றுவிடுகின்றது. அத்துவாரத்தின் வழியே தூய இரத்தத்தில் ஒரு பங்கு வலப்புறம் பாய்ந்து, மீண்டும் சுவாசப்பைக்கே வீணாகச் செல்கின்றது. மிகைச் சுமை சுமக்கும் வலப்புற அறைகள் நாளடைவில் விரிகின்றன.

1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இருதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, 18 வயது யுவதியொருத்தியின் இத்தகைய துவாரத்தைத் தைத்து மூடினார். அரும் பெருஞ் செயல்தான். ஆயினும் மார்பைத் திறந்தே அதனைச் செய்ய வேண்டியிருந்தது.

திறவாத வழியின் வாயிலை 1929இலேயே ஓர் இளைஞர் தட்டியிருந்தார். ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் பணியாற்றிய வேர்னர் போர்ஸ்மன் என்பவர், மேலதிகாரி தடுத்திருந்தும், தம் கை நாளத்தினூடாக 65 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மெல்லிய குழாயொன்றைச் செலுத்தினார். அக்குழாயுடனேயே நடந்து சென்று, அதன் நுனி தம் இருதயத்தை அடைந்திருப்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் பதிவு செய்தார். அன்று பாராட்டினோர் சிலரே. 1956இல் வேறிருவருடன் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அக்குழாயே கதீற்றர். அதன் வழியே ஓர் அடைப்பைக் கொண்டு சென்று இத்துவாரத்தை மூடியதை கிங், மில்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1976இல் அறிவித்தனர். எனினும் அவர்களது குடை போன்ற கருவிக்குத் தடித்த குழாய் வேண்டியிருந்தது. அவுஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய கேர்ட் அம்பிளாட்ஸ் இத்தடையை நீக்கினார். நிக்கலும் தைத்தானியமும் கலந்த நிற்றினோல் என்னும் உலோகம், தனக்கு இட்ட வடிவத்தை மறவாதது. அதன் நுண்கம்பிகளால் அவர் இரட்டைத் தட்டொன்றைப் பின்னுவித்தார். இழுத்தால் நூல்போல் நீண்டு குழாய்க்குள் அடங்கும். வெளிவந்ததும் மீண்டும் தட்டாக விரியும். தொடை நாளத்தின் வழியே சென்று, சுவரின் இருபுறமும் ஒவ்வொரு தட்டாக விரிந்து, துவாரத்தைக் கவ்விக்கொள்ளும். 2001இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது.

ஆயினும் துவாரத்தை நிரந்தரமாக மூடுவது கம்பியன்று. சில மாதங்களில் இருதயத்தின் சொந்தத் திசுவே அதன்மேற் படர்ந்து மூடிவிடுகின்றது. பந்தலிடுவது மனிதன், படர்வது கொடி.

எல்லாத் துவாரங்களுக்கும் இது பொருந்தாது. தட்டுகள் பற்றிக்கொள்ளச் சுற்றிலும் விளிம்பு வேண்டும்; அஃதில்லாதபோது சத்திரசிகிச்சையே வழி. இருதயத்தை உராய்ந்து புண்படுத்துவது போன்ற அரிய இடர்களும் உண்டு.

இவற்றினும் பெரிய இடர் காலதாமதம். இக்குறையுள்ள குழந்தை ஓடியாடித் திரியும்; தாய்க்கு ஐயமே எழாது. வைத்தியர் செவியில் விழும் மெல்லிய முணுமுணுப்பொன்றே சில வேளை முதற் குறியாகும். இக்குறை பெண்குழந்தைகளிடத்தே மிகுதி. ‘ஊரறிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச வருவார்களா?’ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் நம்மிடையே இல்லாமலில்லை. மறைத்த ஆண்டுகளில் சுவாசப்பையின் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடவுங் கூடும். அந்நிலை முற்றியபின் துவாரத்தை அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

கொடி படர்வதற்கும் பருவம் உண்டு. முணுமுணுப்பை வைத்தியர் சுட்டினால், ஊர்வாய்க்கு அஞ்சாது அன்றே மேற்பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே பெற்ற கடன்.