வளைவுக்கு அந்தப்பக்கம்

டீக்கடையில் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். விரல்களில் இன்னும் நடுக்கம் இருந்தது. தட்டில் வைத்த வர்க்கியைத் தொடவே இல்லை. பாதி டீ உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது.

“ஓடியிருந்தா என்னங்க்கா ஆயிருக்கும்?”

அவள் கோயம்புத்தூர்க்காரி. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடிப் பழகியவள். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவாள். கோத்தகிரியில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஞாயிறு காலையில் இருவரும் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஓடுவோம். அன்றும் அப்படித்தான் கிளம்பினோம். பனி விலகாத ஆறரை மணி. அவள் எனக்கு முப்பது மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பாதை இடது பக்கம் திரும்பும் இடத்தில் உண்ணிச்செடிப் புதர் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மறுபக்கத்தை மறைத்திருந்தது. அவள் வளைவில் மறைந்தாள். உடனே காலடிச் சத்தம் அற்றுப்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது, பதினைந்து மீட்டர் தூரத்தில், பாதையை அடைத்துக்கொண்டு ஒற்றைக் காட்டெருமை. முழு வளர்ந்த காளை. முதுகில் மேடாக எழுந்த முகடு, முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் வெளுத்த கால்கள். மூக்கால் ஒருமுறை சீறியது. அவள் குதிகால் தானாகத் திரும்பிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒட்டி நின்றபடி, அதைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தோம். புதர் நடுவில் மறைத்ததும் மேட்டுப் பக்கம் ஏறி ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றோம். இருபது நிமிடம் இருக்கும். அது கொஞ்ச நேரம் புல் மேய்ந்தது. பிறகு தேயிலைச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அவள் கேள்விக்கு நேர்மையான பதில், “அனேகமா ஒண்ணும் ஆயிருக்காது கண்ணு” என்பதுதான். அதையே முதலில் சொன்னேன். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் காட்டெருமையைக் கடந்துதான் போய் வருகிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விடும். ஆனால் குத்துப்பட்டுச் செத்தவர்களும் இதே மலையில் இருக்கிறார்கள். பெரிய காளை என்றால் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. அந்த எடை பாய்ந்து வந்தால் மனிதக் காலால் முந்த முடியாது. ஆகவே ‘அனேகமாக’ என்ற அந்தச் சொல்லை நம்பி ஓடக் கூடாது.

காட்டெருமை என்று சொல்கிறோமே தவிர, அது எருமை இனம் இல்லை. நம் வீட்டு மாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பழந்தமிழில் காட்டு மாட்டுக்கு ஆமா என்று பெயர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் முகத்தையும் கொஞ்சம் படிக்க வரும். தலையைத் தூக்கி உற்றுப் பார்த்தால், நீ யார் என்று கேட்கிறது. சீறினால், போதும் நில் என்கிறது. ஒன்று மட்டும் மாட்டைப் பார்த்துப் பழகியவர்களையும் ஏமாற்றும்: அது பக்கவாட்டில் திரும்பி, உடம்பு முழுவதையும் காட்டியபடி விறைத்து நிற்கும். சமாதானமாகிவிட்டது, திரும்பிப் போகப்போகிறது என்று தோன்றும். உண்மையில் அது தன் அளவைக் காட்டுகிறது. நான் எவ்வளவு பெரியவன் என்று பார்த்துக்கொள் என்கிற மிரட்டல் அது. அந்த நேரத்தில் நெருங்கிப் போய் செல்போனை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அவளுக்கு இன்னும் சமாதானமாகவில்லை. “நாம ஒண்ணுமே பண்ணலையேங்க்கா. அது ஏன் சீறணும்?”

விஷயமே அங்கேதான் இருக்கிறது. வர்க்கியை எடுத்து மேசையில் வைத்தேன், அதுதான் புதர். அதற்கு அந்தப்பக்கம் என் கிளாஸ், அதுதான் காளை. அவள் விரலை இந்தப்பக்கம் வைக்கச் சொன்னேன். இறக்கத்தில் அவள் வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, நொடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேல். வளைவு திரும்பியதும் கண்ணுக்குத் தெரிகிற பதினைந்து மீட்டரை நான்கரை நொடியில் கடந்துவிடுவாள். அதே தூரத்தைச் சாதாரணமாக நடந்து வருபவர் கடக்கப் பதினொரு நொடி ஆகும். நடப்பவரின் பேச்சு, இருமல், செருப்புச் சத்தம் எல்லாம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். நாமோ மெத்தென்ற ஷூவில், பனியில் நனைந்த மண்ணில், மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு, பேசாமல் வருகிறோம். அந்தக் காளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென ஓர் உருவம், அதுவும் தன்னை நோக்கி ஓடிவருகிறது. காட்டில் அப்படி ஓடிவருவது வேட்டைக்கு வருகிற விலங்குதான்.

வாசனையும் நமக்கு உதவவில்லை. மலையில் விடியற்காலைக் காற்று மேலேயிருந்து கீழே இறங்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போல் சரிவில் வழிகிறது. வெயில் ஏறி மண் சூடானதும்தான் அது திசை மாறி மேல்நோக்கிப் போகும். ஆகவே காலையில் ஏற்றத்தில் ஓடினால் நம் வாசனை நமக்குப் பின்னால், கீழே போய்விடும். மேலே நிற்கும் விலங்குக்கு நாம் வருவது தெரியாது. இறக்கத்தில் காற்று நமக்கு முன்னால்தான் போகிறது. ஆனால் அந்த மெல்லிய காற்று பெரும்பாலும் நடக்கிற வேகத்தில்தான் இறங்கும். நாம் ஓடுகிறோம். நம் வாசனையை நாமே முந்திக்கொண்டு போய் அதன் முன்னால் நிற்கிறோம். இதை எனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் உடம்பு சிலிர்த்தது. எத்தனை காலைகள் அப்படி ஓடியிருக்கிறேன்!

“அப்ப கரடியும் இப்படித்தானுங்களா?”

கரடிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். எனக்குக் காட்டெருமையைவிடக் கரடியிடம்தான் பயம் அதிகம். நம் காடுகளில் இருப்பது கரையானையும் எறும்பையும் தின்னும் கரடி. மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாததால், அந்த இடைவெளி வழியாகப் புற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கும். அந்த உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். மூக்கைப் புற்றுக்குள் விட்டு இவ்வளவு சத்தத்தோடு வேலை செய்துகொண்டிருக்கும் விலங்குக்கு நம் காலடி எப்படிக் கேட்கும்? கண் பார்வையும் சுமார்தான். பத்தடி தூரத்தில் திடீரென்று நம்மை உணரும்போது அது ஓடி ஒளிவதைவிட எதிர்த்து எழுவதே அதிகம். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த இனம். முந்திக்கொண்டு தாக்குவது அதன் பிழைப்பாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புற்றைப் பெயர்க்கிற நகம், நான்கு அங்குலம் வரை நீளும். அது முகத்துக்கும் தலைக்கும்தான் வரும். தாய்க்கரடியாக இருந்து முதுகில் குட்டியும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் கரடி ஊருக்குள் வருவது இப்போது செய்தியே இல்லை. கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கிறது, சத்துணவுக் கூடத்துக்குள் புகுகிறது. ஊரின் ஓரத்தில் இருட்டில் ஓடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்மைவிட நன்றாக ஏறும். தூரத்தில் பார்த்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடலாம். நெருக்கத்தில் மாட்டிக்கொண்டு, மேலே பாய்ந்தேவிட்டது என்றால், குப்புறப் படுத்து, இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, முகத்தை மண்ணோடு அழுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதன் தாக்குதல் சிறிது நேரம்தான். அது போய்விட்டது என்று உறுதியாகும் வரை எழக் கூடாது. இதைச் சொன்னபோது அவள் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்படித் தொட்டுப் பார்த்தால்தான் அந்த நேரத்தில் கை தானாகப் போகும்.

யானையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பலாப்பழக் காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் போனால் போதும். பழத்துக்காகக் கீழேயிருந்து ஏறி வரும். அந்தப் பக்கத்தில் அந்த மாதங்களில் ஓடவே கூடாது என்பது என் முடிவு. யானை மெதுவான விலங்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு: தாய்லாந்து யானைகளை வைத்து அளந்து, 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வில் அவை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டன. இவள் வேகத்துக்கு இரண்டு மடங்கு. இறக்கத்தில் ஓடினால் யானையால் துரத்த முடியாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மலையில் ஏறி இறங்கியே பிழைக்கிற விலங்கு அது.

யானை விஷயத்தில் என்னை மிகவும் நெகிழவைத்த வேலை வால்பாறையில் நடந்தது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், பெரும்பாலும் தேயிலை, நடுநடுவே துண்டுக் காடுகள், எழுபதாயிரம் பேர் அளவில் மக்கள். அங்கே யானையால் இறந்தவர்களைப் பற்றி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் விசாரித்தபோது, பெரும்பாலான மரணங்களுக்கு ஒரே காரணம் இருந்தது: யானை அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து, கடைக்குப் போய்விட்டு, இருட்டில் நடந்து வந்து அதன்மேல் போய் விழுந்திருக்கிறார்கள். அதனால் யானை இருக்கும் இடத்தை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள். 2011 முதல் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பாதையோரக் கம்பங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் செல்போன் மூலமே அதை எரியவிடலாம். மரணங்கள் குறைந்தன. யானையையும் விரட்டவில்லை, மனிதரையும் விரட்டவில்லை. தகவல் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது.

ஓடுகிற நமக்கு அந்த விளக்கு இல்லை. அதனால் நாமே சத்தம் கொடுக்க வேண்டும். மறைவான வளைவு, புதர், ஓடைக்கரை வந்தால் நடைக்கு இறங்கி, கை தட்டி, பேசிக்கொண்டு போக வேண்டும். காதில் பாட்டு கூடாது. இதில் இருவராகப் போவது பெரிய பலம். ஆனால் ஓடுகிறவர்கள் அந்தப் பலத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். அவரவர் வேகத்தில் போய், நடுவில் ஐம்பது, நூறு மீட்டர் விட்டுவிடுகிறார்கள். முன்னால் போனவர் விலங்கை மிரட்டிவிட்டுக் கடந்துவிடுவார். மிரண்டு நிற்கும் விலங்கிடம் வந்து சேர்கிறவர், ஒன்றும் அறியாத இரண்டாமவர். காட்டோரத்தில் மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான் இருவரின் வேகம். இதை அவளிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முப்பது மீட்டர் பின்னால் வந்தவள் நான்தான், முன்பே சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான்.

சந்தித்துவிட்ட பிறகு எல்லா விலங்குக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மலைப்பாதையில் ஓடிய ஒருவர் தற்செயலாகப் பூனை இனத்துப் பூமாவின் குட்டிகள் பக்கம் போய்விட்டார். தாய் அவரை ஆறு நிமிடம் தொடர்ந்து வந்தது, பலமுறை பாய்வதுபோல் வந்தது. அவர் முதுகைக் காட்டாமல், உரக்கப் பேசிக்கொண்டே பின்னால் நடந்தார். கடைசியில் ஒரு கல்லை எடுத்து வீசியதும் அது ஓடிவிட்டது. அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. நம் ஊர்ச் சிறுத்தையிடமும் முதுகு காட்டாமல், குனியாமல், நிமிர்ந்து நின்று குரல் கொடுப்பது சரி. ஆனால் காணொளியில் பார்த்தோமே என்று காட்டெருமைமேலும் யானைமேலும் கல்லை வீசினால், போகவிருந்த விலங்கையும் நாமே வரவழைத்ததாகிவிடும். அவற்றுக்குத் தேவை தூரமும் போக ஒரு வழியும். அதை விட்டுக்கொடுத்து ஒதுங்க வேண்டும். ஓட்டம் பாதியில் நின்றாலும் நிற்கட்டும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம் என்பதையும் அவளுக்கு நினைவூட்டினேன். நாங்கள் ஓடுவது தோட்டத்துப் பாதை. ஆனால் அந்தச் சரிவுக்குக் கீழே சோலை இருக்கிறது. அதற்குள் குறுக்கு வழி கிடையாது.

கிளாஸை எடுக்க வந்த கடைக்கார அண்ணன் மேசையில் இருந்த வர்க்கியையும் எங்கள் முகத்தையும் பார்த்தார். எந்த வளைவு என்று கேட்டார். சொன்னேன்.

“அட, நேத்து சாயங்காலம் கொழுந்து எடுத்துட்டு வந்தவங்க சொன்னாங்களேம்மா, ஒத்தையா ஒண்ணு அங்கதான் நிக்குதுன்னு. காலையில நம்ம கடையைத் தாண்டித்தானே ஓடினீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அவர் ஐந்து மணிக்கே கடையைத் திறந்துவிடுகிறார். இத்தனை வருடமாக ஓடி முடித்த பிறகுதான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் புதராக இருந்த வர்க்கியை எடுத்து, மிச்ச டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கரடி இப்ப எந்தப் பக்கமுங்கண்ணா சுத்துது?” என்று அவரிடம் கேட்டாள்.