கப்பி மீன் கற்றுத்தந்த பொறுமை

சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில், வீட்டுக்கு அருகிலுள்ள மீன் கடையில் நான்கு கப்பி மீன்கள் வாங்கினேன். ஓர் ஆண், மூன்று பெண். இரண்டடி நீளத் தொட்டி, அடியில் கூழாங்கற்கள், ஒரு பிளாஸ்டிக் கோட்டை. என் ஏற்பாடு அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒருநாள் காலை, வடிகட்டியின் பின்னால் இரண்டு குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியவை. கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. ஓடிப்போய் அம்மாவையும் தம்பியையும் அழைத்து வந்தேன். மதியம் மறுபடி பார்த்தபோது இரண்டுமே இல்லை.

“எங்கே போச்சு?” என்று தம்பி கேட்டான். பதிலைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பெரிய மீன்களே அவற்றைத் தின்றுவிட்டன. பெற்ற தாயும் தின்றிருக்கலாம். தன் குஞ்சு எது, இரை எது என்று கப்பிக்குத் தெரியாது. வாய்க்குள் அடங்கும் அளவில் எது அசைந்தாலும் அதற்கு அது உணவுதான்.

குட்டி போடும் மீன்

பெரும்பாலான மீன்கள் முட்டையிடுகின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை அப்படியல்ல. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளியே வருகின்றன. கப்பிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ நான்கு வாரம். வளர்ந்த ஒரு தாய் ஒரே தடவையில் 20 முதல் 50 குஞ்சுகள் வரை ஈனக்கூடும்.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் கப்பி, விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். அதன்பின் தொட்டியில் ஆண் மீனே இல்லாவிட்டாலும் அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருப்பதால், நாம் வாங்கிவரும் பெண் மீன் அநேகமாக முன்பே சினையாகத்தான் இருக்கும்.

என் அவசரம்

அடுத்த முறை ஒரு குஞ்சையும் இழக்கக்கூடாது என்று உறுதி எடுத்தேன். பெண் மீனின் பின்வயிற்றில், குதத் துடுப்புக்கு அருகே ஒரு கரும்புள்ளி உண்டு. சினை முற்ற முற்ற அது பெரிதாகிக் கருமை கூடும். மஞ்சள் வால் மீனுக்கு அந்தப் புள்ளி கறுக்கத் தொடங்கியதும், கடையில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் பிரசவப் பெட்டியை வாங்கி அதற்குள் விட்டேன். பெட்டி என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். இரவில் கைப்பேசி வெளிச்சம் அடித்தும் பார்த்தேன். மீன் பெட்டியின் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது; சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இறந்து கிடந்தது. வயிற்றுக்குள் இருந்த குஞ்சுகளும் அதோடு போயின.

அன்று அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “நீ வயித்துல இருந்தப்போ ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தா எனக்கே எரிச்சலா இருக்கும். அது பாவம், எங்கே போய் ஒளியும்?”

என் தவறு அப்போதுதான் புரிந்தது. புள்ளி கறுத்தால் உடனே பிரசவம் என்று பொருளல்ல. இன்னும் பல நாள்கள் ஆகலாம். முன்னாலிருந்து பார்க்கும்போது வயிறு சதுரமாகத் தெரிவது, ஓர் ஓரமாக ஒதுங்குவது, உணவை மறுப்பது, வேகமாக மூச்சு விடுவது ஆகியவைதான் நேரம் நெருங்கியதற்கு அறிகுறிகள். அதற்கு முன்பே நெருக்கமான இடத்தில் அடைத்தால் மீன் மன உளைச்சலில் நலிந்துபோகும்.

பாசியே பிரசவ அறை

அடுத்த மீன் சினையானபோது அதைப் பிடிக்கவே இல்லை. கோட்டையை எடுத்துவிட்டு, ஜாவா பாசியைத் தொட்டியின் ஒரு மூலையில் அடர்த்தியாக நிரப்பினேன். அதற்குள் தாய் ஒளிந்துகொள்ளலாம். பிறந்த குஞ்சுகளும் தப்பிக்கலாம். பழைய வடிகட்டி குஞ்சுகளை உறிஞ்சிவிடும் என்பதால் பஞ்சு வடிகட்டிக்கு மாறினேன். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படவில்லை.

தண்ணீர் விஷயத்திலும் ஒன்று கற்றேன். குழாய்நீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். குளோரின் மட்டும் கலந்த நீருக்கு அது பொருந்தும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோராமின் பயன்படுத்தப்படுகிறது. அது ஓர் இரவில் ஆவியாகிப் போகாது. எனவே, குளோராமினையும் நீக்கும் என்று போத்தலில் குறிப்பிட்டிருக்கும் திரவத்தையே வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுகிறேன். மொத்தமாக மாற்றினால் திடீர் மாற்றத்தைக் குஞ்சுகள் தாங்காது.

ஒரு சனிக்கிழமை காலை, பாசிக்குள் சின்னச் சின்னக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகளைக் கிண்ணத்தால் மெல்ல மொண்டு வேறொரு சிறிய தொட்டிக்கு மாற்றினேன். எண்ணிப் பார்த்தால் 31.

சின்ன வாய்க்கு உணவு

பிறந்த சில மணி நேரத்திலேயே அவை உண்ணத் தொடங்கின. பெரிய மீனுக்குப் போடும் உணவை விரல்களுக்கிடையே பொடியாக்கி, நாளுக்கு மூன்று நான்கு தடவை ஒரு சிட்டிகையிலும் குறைவாகத் தந்தேன். ஒருமுறை அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேன். மறுநாள் தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. நான்கு குஞ்சுகள் இறந்தன. உண்ணாத உணவு அழுகி அம்மோனியாவாக மாறும். குஞ்சுகளுக்கு அது நஞ்சு.

பிறகு ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் முட்டைகளைப் பொரிக்கக் கற்றேன். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பு போட்டு, முட்டைகளைத் தூவி, காற்றுக் குழாயைப் போட்டுவிட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். உப்புப்போக அலசித்தான் கொடுக்க வேண்டும். அதைத் தின்ற குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரிவதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி.

பெருகினால் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து 24 குஞ்சுகள் மிஞ்சின. ஆண்களின் குதத் துடுப்பு மெலிந்து கூர்மையாவதைக் கவனித்து, அவற்றைப் பெண்களிடமிருந்து பிரித்தேன். பிரிக்காவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் இந்தக் குஞ்சுகளே தாயாகியிருக்கும்.

“கால்வாயில விட்டுடு, பிழைச்சுக்கும்,” என்றார் அண்டை வீட்டு மாமா. ஏற்கெனவே நம் கால்வாய்களில் கப்பி மீன்கள் நிறைய நீந்துகின்றன. ஆனால், அவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும்தான். வெளியிலிருந்து வரும் மீன், இங்குள்ள உயிரினங்களின் உணவையும் இடத்தையும் பறிக்கலாம். தொட்டியிலிருந்து நோயையும் கொண்டுசெல்லலாம். வளர்ப்பு உயிரினங்களை இப்படி வெளியில் விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும்கூட.

மாமாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பேரனுக்காக நான்கு ஆண் மீன்களை வாங்கிக்கொண்டார். வகுப்புத் தோழிகள் இருவர் பத்து மீன்களை எடுத்துச் சென்றனர். மீன் கடைக்காரர் பணம் தரவில்லை என்றாலும் ஆறு மீன்களை ஏற்றுக்கொண்டார். மீதி நான்கும் எங்கள் வீட்டில்தான்.

நீங்களும் கப்பி வாங்க நினைத்தால், இரண்டு மீன்கள் நாற்பதானால் எங்கே வைப்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பதில் இல்லையா? ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். வண்ணமும் அவற்றுக்குத்தான் அதிகம். சினை மீன்தான் வேண்டுமென்றால், பாசியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிறகு தொட்டியைவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம்.