வைப்பாற்றை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை

நம் கிராமங்களில் சைக்கிள் இல்லாத தெரு இல்லை. பள்ளிக்கும் பருத்திக் காட்டிற்கும் ஆலை வேலைக்கும் சந்தைக்கும் அது நம்மைச் சுமந்து சென்றிருக்கிறது. ஆனால் அதே சைக்கிள் வெளியூர் மக்களை நம் ஊருக்கு அழைத்து வரும் வாகனமாகவும் ஆகக்கூடும் என்பதை நாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் கடற்கரையையும் பழம்பெரும் ஊர்களையும் இணைத்துச் சைக்கிளில் பல நாள் பிரயாணம் செய்வது உலகின் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அது எத்தகையது, நம் வட்டாரத்திற்குப் பொருந்துமா, ஊராட்சிகள் அதற்கு என்ன செய்யலாம் என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

காரில் வருபவர் நகரத்தில் புறப்பட்டு நகரத்திலேயே இறங்குகிறார். இடையிலுள்ள கிராமம் அவருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சியே. சைக்கிளில் வருபவர் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் செல்கிறார். ஒரு மணி நேரத்தில் அவருக்குத் தாகம் எடுக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பசி எடுக்கிறது. மாலையானால் தங்க இடம் வேண்டும். இவை மூன்றும் கிராமத்திலேயே கிடைக்க வேண்டியவை. ஆகவே அவர் செலவிடும் பணம் கிராமத்தில் தங்குகிறது. இப்பிரயாணத்தின் பொருளாதாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பிற நாடுகளின் அனுபவம்

ஆஸ்திரியா நாட்டில் டான்யூப் ஆற்றங்கரையில், முற்காலத்தில் குதிரைகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைவழிகள் இருந்தன. நீராவிக் கப்பலும் இரயிலும் வந்தபின் அவை பயனற்றுக் கிடந்தன. 1980-களில் அவ்வழிகளைச் செப்பனிட்டுச் சைக்கிள் பாதையாக்கினர். ஜெர்மனியின் எல்லை நகரான பாஸாவிலிருந்து வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அப்பாதை இன்று ஐரோப்பாவில் மிகவும் பேர்பெற்றது. வழிநெடுகிலும் உள்ள சிற்றூர்களில் விவசாயக் குடும்பங்களே பிரயாணிகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கின்றன.

தென் கொரியாவில் 2012 ஆம் ஆண்டில் நாட்டின் வடமேற்கிலிருந்து தென்கிழக்கிலுள்ள பூசான் துறைமுகம் வரை, பெரும்பாலும் ஆற்றங்கரைகளை ஒட்டி 633 கிலோமீட்டர் நீளப் பாதை திறக்கப்பட்டது. அங்கே ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட இடங்களில் சிவப்புக் கூண்டுகள் நிற்கின்றன. பிரயாணி தம் கையேட்டில் அங்குள்ள முத்திரையைக் குத்திக்கொள்ள வேண்டும். எல்லா முத்திரைகளும் சேர்ந்தால் நற்சான்று கிடைக்கும். ஓர் ஊரையும் விட்டுவிடாமல் மக்களைச் செல்லச் செய்ய இவ்வெளிய முறை உதவுகிறது.

கொரியாவைப் போலப் பெரும் பொருள் செலவிட்டுப் புதிய பாதை போட நம்மால் இயலாது. ஆனால் அவ்விரு பாதைகளிலும் நாம் கைக்கொள்ளக்கூடியவை சில உள்ளன: வழி தவறாத அடையாளப் பலகை, உரிய தூரத்தில் உரிய வசதி, ஊருக்கு ஊர் ஒத்துழைப்பு.

வைப்பாற்று வழி

நம் வட்டாரத்தில் இதற்கு இயற்கையான வழியாக அமைந்திருப்பது வைப்பாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றி, வெம்பக்கோட்டை அணை, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் ஆகிய இடங்களைக் கடந்து, வைப்பார், சிப்பிகுளம் பகுதியில் மன்னார் வளைகுடாவில் அது கலக்கிறது. ஆறு செல்லும் வழி மெல்லிய இறக்கம் உடையது. ஏற்றம் மிகுந்த சாலையில் சைக்கிள் மிதிப்போர் விரைவில் களைப்பர். ஆற்றுப் பள்ளத்தாக்கில் அத்தொல்லை இல்லை. உலகெங்கும் ஆற்றங்கரைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

ஏழாயிரம்பண்ணை ஆற்றங்கரை ஊர் அன்று. ஆற்றுக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் அமைந்தது. எனினும் இப்பயணத்திற்கு இதைவிடச் சிறந்த தங்குமிடம் காண்பது அரிது. வடக்கே வெம்பக்கோட்டை, வடகிழக்கே சாத்தூர், தென்கிழக்கே கோவில்பட்டி, தெற்கே கழுகுமலை ஆகிய நான்கும் இங்கிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. இவ்வூர் தானும் வரலாறு உடையது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று.

வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் அங்கே கிடைத்தன. சங்கு கடலில் விளைவது. அது இம்மேட்டிற்கு வந்திருக்கிறது எனில், கடற்கரைக்கும் இவ்விடத்திற்கும் பண்டைக் காலத்திலேயே போக்குவரத்து இருந்தது என்பது தெளிவு. நாம் இன்று அமைக்க விரும்பும் வழி புதியதன்று.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து தெற்கே பிரியும் கிளைவழி கழுகுமலைக்குச் செல்லும். அங்குள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நின்றது. அருகிலேயே சமணச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இம்மலை முருகனைப் பாடியதே. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை வாங்காமல் எவரும் திரும்பார்.

முதன்மை வழியில் சாத்தூரைக் கடந்தால், அர்ச்சுனா ஆறு வைப்பாற்றுடன் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் பின் விளாத்திகுளம். அங்கிருந்து மேற்கே ஒரு கிளைவழி எட்டயபுரத்திற்குச் செல்லும். 1882-இல் பாரதியார் பிறந்த இல்லமும், 1947-இல் திறக்கப்பட்ட அவர் மணிமண்டபமும் அங்கே உள்ளன. 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடமும் அவ்வூரிலேயே அமைந்திருப்பது தனிச் சிறப்பு. விளாத்திகுளத்திற்குக் கீழே பனைமரங்களும் உப்பளங்களும் தோன்றும், பின் கடல். அக்கடலிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் உள்ளடக்கிய தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது.

காலமும் காற்றும்

சைக்கிள் பிரயாணிக்குத் தூரத்தைவிடக் காற்றே பெரிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசி முதல் மாசி வரை இப்பிரயாணத்திற்கு ஏற்ற காலம். அப்போது காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே கடற்கரையில் தொடங்கி மேற்கு நோக்கி வருவது எளிது. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். அப்போது வெம்பக்கோட்டையிலிருந்து கடலை நோக்கிச் செல்வதே தக்கது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்திய நாட்களில் இருக்கன்குடிச் சாலைகளில் பாத யாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் எவரையும் அழைத்தலாகாது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவிடாது என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே வழி கப்பிச் சாலையிலோ தார்ச் சாலையிலோ செல்ல வேண்டும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

1. குடிநீர்: பத்துக் கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், குழாயும் நிழலும் உள்ள ஒரு திண்ணை போதும்.

2. கழிப்பிடம்: கட்டிப் பூட்டி வைத்த கழிப்பிடத்தால் பயனில்லை. தினமும் கழுவிப் பூட்டைத் திறந்து வைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெண் பிரயாணிகள் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது.

3. அடையாளம்: கூட்டுச் சாலைகள் ஒவ்வொன்றிலும் அடுத்த ஊரின் பெயரும் தூரமும் எழுதிய பலகை. கொரியாவைப் போல் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு முத்திரையும் வைக்கலாம்.

4. பஞ்சர்: சீமைக் கருவேல முள் இவ்வழியின் பெரும் பகை. சாலையோரத்தில் அதை வேரோடு அகற்றி, புங்கமும் வேம்பும் நடலாம். ஊரிலுள்ள சைக்கிள் கடைக்காரரின் பெயரைப் பலகையில் எழுதலாம்.

5. உணவும் தங்கலும்: மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கம்பங்கூழும் எளிய சாப்பாடும் அளிக்கலாம். விலையை எழுதி வைத்தல் நன்று. தீபாவளி கழிந்து ஆலை வேலை குறையும் வாரங்களை அடுத்துப் பிரயாணக் காலம் வருவது ஒரு வசதி.

6. சாலை கடத்தல்: இவ்வழி சாத்தூரிலும் எட்டயபுரத்திலும் நான்குவழிச் சாலைகளை எதிர்கொள்கிறது. சுரங்கப் பாலம் உள்ள இடத்திலேயே கடக்குமாறு வழியை வகுக்க வேண்டும்.

ஆற்றங்கரையும் பெரிய கண்மாய்களின் கரையும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. அவர்கள் இசைவின்றி ஒரு பலகையும் நடலாகாது.

கவனிக்க வேண்டியவை

பட்டாசு ஆலைகளின் வாயிலை ஒட்டிய வழிகளை இப்பாதையில் சேர்க்கவே கூடாது. புகைபிடிக்கும் ஒருவரின் அலட்சியம் பல உயிர்களைக் குடிக்கும். மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ள ஆற்றில் குளிக்க விடலாகாது. அகழாய்வு மேட்டிலிருந்து ஓர் ஓட்டுச் சில்லையும் எவரும் எடுத்துச் செல்லாமல் ஊராரே காக்க வேண்டும். ஆறு குப்பைமேடாகக் கிடந்தால் பிரயாணி ஒருமுறை வருவார், மறுமுறை வரமாட்டார்.

முதற்பயன் யாருக்கு?

வெளியூரார் எத்தனை பேர் வருவர் என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. முதலாண்டில் சிலரே வரலாம். ஆனால் இப்பாதையில் தினமும் செல்வோர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அரசு வழங்கிய சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவியரும், விடியலில் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் இதே சாலைகளில்தான், லாரிகளுக்கு ஒதுங்கி, முள்ளுக்கும் இருளுக்கும் இடையே செல்கிறார்கள். பிரயாணிக்காக நாம் நடும் மரத்தின் நிழல் முதலில் அவர்கள்மேல் விழும். பிரயாணிக்காக வகுக்கும் பத்திரமான கடவு முதலில் அவர்களைக் காக்கும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றனர். தண்ணீர் கொணரவும் சந்தைக்குச் செல்லவும் பிறரை எதிர்பார்க்கும் நிலை அதனால் மாறியது. சைக்கிளால் ஒரு மாவட்டத்தின் வாழ்வே அசையும் என்பதற்கு அது சான்று.

ஆகவே ஊராட்சி அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன், உங்கள் எல்லையிலிருந்து அண்டை ஊராட்சியின் எல்லை வரை நீங்களே சைக்கிளில் ஒருமுறை சென்று வாருங்கள். பள்ளி மாணவர் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எங்கே இல்லை, நிழல் எங்கே இல்லை, எந்த வளைவில் லாரி தெரியவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அத்தாளைக் கிராம சபையில் படித்து, இவ்வாண்டே செய்யத்தக்க ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஊருக்கு ஒரு தாளாகச் சேர்ந்தால், வெம்பக்கோட்டையிலிருந்து கடல் வரை நம் பாதையின் வரைபடம் தயாராகிவிடும்.