காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்கலாமா?

காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். 'இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு' என்பது அதன் பொருள். ஆனால், பனையோலைக்குள் நடப்பது தெரிந்தால் குருத்தோலை சிரிக்காது, கையெடுத்துக் கும்பிடும்!

தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் மணப்பாடு, பழைய முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்று. ஓலைப்பெட்டிக்கும் பெயர் போனது. பெட்டி முடையும் பெண்கள் தேடுவது குருத்தோலையைத்தான். விசிறி மடிப்பாக மூடியிருக்கும் குருத்துக்குள் வெயில் படாது. அதனால் செல்களில் பச்சையம் உருவாகாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். செல் சுவர்களைக் கெட்டியாக்கும் 'லிக்னின்' அதிகம் சேராததால், மடித்தாலும் ஒடியாது.

குருத்து விரிந்து வெயிலைப் பார்த்ததும் கதை மாறுகிறது. பச்சையம் ஊறுகிறது, நார் முறுக்கேறுகிறது. இனி அது சாரோலை. மரத்துக்கே சோறு சமைக்கும் அடுப்பு!

வயதானால்? ஓலை சட்டென்று செத்துவிடுவதில்லை. வீட்டைக் காலி செய்வதுபோல ஒவ்வொன்றாக ஒப்படைக்கிறது. பச்சையம் உடைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. செல்லில் இருந்த புரதங்கள் கரைந்து, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சாறோடு சேர்ந்து இளம் ஓலைகளுக்குப் போகின்றன. இந்த வேலைக்கும் சக்தி வேண்டுமே! அதனால், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் கொடுத்து முடித்தபின் மிஞ்சும் வெறும் செல் சுவர்தான் காவோலை.

உடன்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் சத்து குறைவு. அங்கே நிற்கும் பனைக்கு இந்த உள்வரவு பெரிய ஆதரவு.

தென்னையோ பனையோ வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அடி ஓலை மஞ்சளாகிறதே என்று அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அது கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. நன்றாகக் காய்ந்தபின் கழிக்கலாம். குருத்திலும் அளவு வேண்டும். பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது பட்டுப்போனால் மரமே போச்சு.

முத்துக்குளித்துறைத் தேவாலயங்களில் குருத்தோலை ஞாயிறன்று ஏந்தும் ஓலை, மறு ஆண்டு சாம்பல் புதனுக்குச் சாம்பலாகி நெற்றிக்கு வரும். மரத்திலிருக்கும் ஓலையோ சாம்பலாகும் முன்பே, தன் சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிடுகிறது!