கயிற்றை அறுக்கும் முன்

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி கையில் இருக்கும் சாமிக் கயிற்றை என்ன செய்வது? பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு மாணவிகளிடம் நான் கேட்கும் கேள்வி இது. "கத்தரிச்சிடணும் மேடம், இன்ஃபெக்‌ஷன்" என்று வகுப்பே சொல்லும். கழற்றத்தான் வேண்டும். ஆனால் கட்டிவிட்டது யார் என்று கேட்டு, நோயாளியின் வீட்டாரையே அவிழ்க்கச் சொல்லி, ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? குப்பைக்கூடையில் விழுந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே தியேட்டருக்குப் போகிறவரின் பயத்தை எந்த ஊசியில் இறக்குவது?

இந்த அக்கறைக்குப் பெயர்தான் ஆன்மிகப் பராமரிப்பு. அந்தப் பெயரைக் கேட்டதும் பஜனை, ஜெபம் என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தில் அது ஒரு பாடம். ஆன்மிகத் துயர் என்பது நர்சிங் நோயறிதல் பட்டியலில் 1978-லேயே சேர்ந்துவிட்டது. பரீட்சைக்கு எல்லோரும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். வார்டில்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

புற்றுநோய் வார்டில் ஒரு பாட்டி, டிரெஸ்ஸிங் மாற்றும்போது, "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன் சிஸ்டர்?" என்றார். மாணவி பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசாதீங்க பாட்டி, எல்லாம் சரியாயிடும்" என்றாள். பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனசோடு சொன்னதுதான், பேச்சுக்குக் கதவடைத்துவிட்டது. "ஏன் பாட்டி அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு என்றேன். அந்தச் சும்மா இருப்பதுதான் இருபது வயதுப் பிள்ளைக்குக் கஷ்டம். மறுநாள் கேட்டாள், இருந்தாள். பாட்டி மனசை அறுத்தது சாமி இல்லை, சொத்துத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட தங்கச்சி. வீட்டாரிடம் சொன்னோம், தங்கச்சி வந்தார். மார்ஃபின் அளவு மாறவில்லை. ராத்திரியில் சிஸ்டரைக் கூப்பிடுவது மட்டும் குறைந்தது.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் முழுவலி என்றார்: உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வலிப்பது. அவரும் முதலில் நர்ஸ், பிறகுதான் டாக்டர். அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-இல் உருவாக்கிய 'ஃபிகா' முறையையும் கற்றுத்தருகிறோம். உங்களுக்கு எதில் நம்பிக்கை, அது எவ்வளவு முக்கியம், உங்களைத் தாங்குகிறவர்கள் யார், நாங்கள் என்ன செய்யட்டும்? இதைப் படிவம் நிரப்புவதுபோல் கேட்டால் நோயாளி மிரண்டுபோவார். கையில் இருக்கும் வென்ஃப்ளான் ஊசியின் பிளாஸ்டரை மாற்றிக்கொண்டே கேட்டால் தானாகப் பேசுவார்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. உன் சாமியை வார்டுக்குக் கூட்டி வராதே. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. பாய் ஒருவர் தொழுகைக்காகக் கிப்லா திசைக்குக் கட்டிலைத் திருப்பச் சொன்னால் திருப்பு. பாதிரியாரைக் கேட்டால் சொல்லி அனுப்பு. கறுப்புச் சட்டைத் தாத்தா, சாமியாவது பூதமாவது என்றால், பேரனை உள்ளே விடுவதற்கு வாட்ச்மேனிடம் பேசு. அவருக்கு அதுதான் பராமரிப்பு.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, சர்க்கரை, பிரஷர் மாத்திரை விவரங்களோடு, எது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்பதையும் நர்ஸிடம் சொல்லிவையுங்கள். வேலை மும்முரத்தில் நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.