வீட்டுக்குள் வரும் தேர்வுக் கண்காணிப்பாளர்

இணையத் தேர்வு எழுதும் மாணவரைக் கேமரா பார்க்கிறது. அவருடைய கணினியை மென்பொருள் பூட்டி வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஏமாற்று வேலை நின்றுவிடுமா?

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் வெளியிட்ட ஒரு தீர்ப்பு பலரையும் திடுக்கிட வைத்தது. வழக்கறிஞர்களாகச் சேர விண்ணப்பித்திருந்த ஆறு பேர், 2020ஆம் ஆண்டு வழக்கறிஞர் தகுதித் தேர்வில் ஏமாற்றியிருந்தது அதில் வெளிச்சத்துக்கு வந்தது. ஐவர் ஆறு தாள்களின் விடைகளை வாட்ஸ்அப் மூலம் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆறாமவர் மூன்று தாள்களில் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து விடை எழுதியிருந்தார். ஐவரின் விண்ணப்பங்களை ஆறு மாதங்களுக்கும் ஆறாமவரின் விண்ணப்பத்தை ஓராண்டுக்கும் நீதிபதி சூ ஹான் டெக் ஒத்திவைத்தார்.

கொவிட்-19 காரணமாக அந்தத் தேர்வு இணையம் வழி நடத்தப்பட்டது. சட்டம் படித்தவர்களே இப்படிச் செய்தால் மற்றவர்களை எப்படி நம்புவது என்று அப்போது பலர் கேட்டார்கள். 'கேமரா வைத்துப் பார்த்தால் போதுமே' என்பது இன்னும் பலரின் பதிலாக இருந்தது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

எப்படி வந்தது இந்தப் பழக்கம்?

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் நடப்புக்கு வந்தன. மறுநாளே பள்ளி மாணவர்கள் வீட்டிலிருந்து பாடம் கற்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகங்களுக்கு அது ஆண்டிறுதித் தேர்வுக் காலம். மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை அமர்த்த முடியாத நிலையில், தேர்வுகள் வீட்டு மேசைக்கு மாறின.

பிஎஸ்எல்இ, சாதாரண நிலைத் தேர்வு போன்ற தேசியத் தேர்வுகள் அந்த ஆண்டிலும் பள்ளிகளில் நேரடியாகவே நடந்தன. எனவே வீட்டுக் கேமரா என்பது பள்ளிப் பிள்ளைகளைவிட உயர்கல்வி மாணவர்களையும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே படிப்பவர்களையும், வேலை பார்த்துக்கொண்டே தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுதுபவர்களையும் தொடும் விஷயம். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று இருக்கும் பெரியவர்கள் பலர் இந்த வரிசையில் இருக்கிறார்கள்.

பூட்டு என்ன செய்கிறது?

இரண்டு கருவிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலாவது, பூட்டப்பட்ட உலாவி. தேர்வு தொடங்கியதும் இந்த மென்பொருள் கணினித் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேறு இணையப் பக்கத்தைத் திறக்க முடியாது. நகலெடுக்கவும், அச்சிடவும், திரையைப் படம் பிடிக்கவும் முடியாது. விடையை ஒப்படைத்த பிறகே கணினி பழைய நிலைக்குத் திரும்பும்.

ரெஸ்பாண்டஸ் நிறுவனத்தின் உலாவி இந்த வகையைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள இடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' இலவசமாகவே கிடைக்கிறது. சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம் பயன்படுத்தி வந்துள்ள 'எக்ஸாம்பிளிஃபை' சற்று மாறுபட்டது. வினாத்தாள் முன்கூட்டியே மறையாக்கம் செய்யப்பட்டு மாணவரின் கணினியில் இறங்கிவிடும். தேர்வு நேரத்தில் கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டும் தேர்வை நடத்தலாம். வைஃபை நடுவில் போய்விட்டாலும் விடைகள் அழியாது.

பூட்டின் பலவீனம் எளிதானது. அது அந்த ஒரு கணினியை மட்டுமே பூட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் திறன்பேசியை அது அறியாது. அறைக்கு வெளியே நின்று விடை சொல்லும் அண்ணனையும் அறியாது. வாட்ஸ்அப்பில் விடை பரிமாறியவர்களைத் தடுக்க, கணினியைப் பூட்டினால் மட்டும் போதாது.

கேமரா என்ன செய்கிறது?

பூட்டு விட்ட இடத்தை நிரப்ப வந்தது கேமரா. இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில், ஸூம் போன்ற காணொளி வழி ஒரு கண்காணிப்பாளர் பல மாணவர்களை ஒரே நேரத்தில் நேரடியாகப் பார்ப்பார். இரண்டாவது வகையில், தேர்வு முழுவதும் பதிவு செய்யப்பட்டு, சந்தேகம் வந்தால் பிறகு பார்க்கப்படும். மூன்றாவது வகையில் பார்ப்பது மென்பொருள். மாணவர் பார்வையை விலக்கினாலும், முகம் திரையைவிட்டு நகர்ந்தாலும், வேறொரு குரல் கேட்டாலும் 'சந்தேகத்துக்குரியது' என்று அது குறியிட்டு வைக்கும்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல் அதிகம். ஏமாற்றுபவரின் செயலும் யோசிப்பவரின் செயலும் வெளியே ஒன்று போலவே தெரியும். கடினமான கணக்குக்கு விடை தேடும்போது கூரையைப் பார்க்காத மாணவர் உண்டா? வாய்க்குள் வினாவை முணுமுணுத்துப் படிப்பவர்கள் எத்தனை பேர்? மென்பொருளுக்குத் தெரிவது அசைவு மட்டுமே. அசைவின் காரணம் அதற்குத் தெரியாது.

உண்மையில் பிடிபடுகிறார்களா?

நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 30 மாணவர்கள் 'ப்ராக்டோரியோ' என்ற கண்காணிப்பு மென்பொருளின் கீழ் தேர்வு எழுதினார்கள். அவர்களில் 6 பேரை வேண்டுமென்றே ஏமாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட மென்பொருள் குறியிடவில்லை. பதிவுகளைத் தனியே பார்த்த மனிதர் ஒருவர் ஒரே ஒருவரைக் கண்டுபிடித்தார்.

இத்தொழிலில் உள்ள அமெரிக்க நிறுவனமான ப்ராக்டர்யூ, மனிதக் கண்காணிப்பு இல்லாமல் மென்பொருளை மட்டும் நம்பும் சேவையை இனி விற்கப்போவதில்லை என்று 2021 மே மாதம் அறிவித்தது. மென்பொருள் குறியிட்டு அனுப்பிய பதிவுகளில் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத்தான் கல்வி நிலையங்கள் திறந்தே பார்த்தன என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. விற்றவரே கையை விரித்தார் என்றால் அதன் பொருள் என்ன?

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில், செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பின் கீழ் வீட்டிலிருந்து பருவத் தேர்வு எழுதினார்கள். முடிவுகள் வந்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை. முறைகேடு என்ற சந்தேகத்தில் பலரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. தலையைத் திருப்பியதும் வீட்டில் சத்தம் கேட்டதும் தங்களுக்கு எதிராகப் போய்விட்டதாக மாணவர்கள் முறையிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், மறுதேர்வு நடத்தப்படும் என்று உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அறிவிக்க வேண்டி வந்தது.

யாருடைய வீடு?

தேர்வு மண்டபம் எல்லாருக்கும் ஒன்றுதான். வீடு அப்படியல்ல. தனி அறையும் கதவும் உள்ள மாணவர் ஒருவர். தேக்கா நிலையத்தை ஒட்டிய வீவக வீட்டில், தம்பி தங்கையுடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர் இன்னொருவர். கீழே சந்தை இரைச்சல், கூடத்தில் தொலைக்காட்சி, சமையலறையில் பாட்டி கூப்பிடும் குரல். இரண்டாமவரின் பதிவில்தான் குறிகள் அதிகம் விழும். அவர் செய்த தவறு என்ன?

மாநிறமும் கறுப்பும் கொண்ட முகங்களுக்கு இன்னொரு கவலை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் கறுப்பின மாணவி, மென்பொருள் தம் முகத்தை அடையாளம் காணாததால் முகத்தில் விளக்கொளி படும்படி வைத்துத் தேர்வு எழுத நேர்ந்தது என்று புகார் செய்தார். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருத இடமிருப்பதாக அந்நாட்டு மனித உரிமைக் கழகம் 2022 டிசம்பரில் கூறியது. தன்மீதான ஐயத்தைப் பல்கலைக்கழகம் போக்கிவிட்டது என்பது 2023இல் வந்த அதன் இறுதி முடிவு. ஆனாலும் எழுப்பப்பட்ட கேள்வி மறையவில்லை.

சில தேர்வுகளில், தொடங்கும் முன் மாணவர் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மாணவரின் அறையை அப்படிப் பார்ப்பது அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பான சோதனை என்று 2022 ஆகஸ்டில் ஒஹையோ கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், தகவலை எதற்காகத் திரட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்ற கொள்கைகளை வகுத்திருக்கிறது.

பூட்டின் சாவி யாரிடம்?

கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் எந்த மென்பொருளும், தவறான கையில் சிக்கினால் ஆபத்து. இதை இங்குள்ள பெற்றோர் நேரில் பார்த்தார்கள். மாணவர்களின் கற்றல் சாதனங்களைக் கட்டுப்படுத்த 'மொபைல் கார்டியன்' என்ற செயலியைப் பள்ளிகள் பயன்படுத்தி வந்தன. அது தேர்வு மென்பொருள் அல்ல என்றாலும் பூட்டும் வேலை ஒன்றுதான். 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி அந்நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பு தாக்கப்பட்டது. இங்கு 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. பலர் பாடக் குறிப்புகளை இழந்தார்கள். கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது.

மண்டபமே பதிலா?

2022 நவம்பரில் சேட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டிலிருந்து எழுதும் தேர்வை நம்புவது மேலும் கடினமாகிவிட்டது. மாணவர் தம் மடிக்கணினியை மண்டபத்துக்கே கொண்டுவந்து, பூட்டப்பட்ட மென்பொருளில் எழுதும் முறைக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது. பூட்டு கணினியைக் கவனிக்கிறது, மனிதர் அறையைக் கவனிக்கிறார். யாருடைய வீட்டுக்குள்ளும் கேமரா நுழைய வேண்டியதில்லை.

மண்டபத்தில் ஏமாற்ற முடியாது என்பதல்ல. 2016ஆம் ஆண்டு சாதாரண நிலைத் தேர்வில் துணைப்பாட நிலையம் ஒன்று நடத்திய மோசடி பலருக்கு நினைவிருக்கும். தனித்தேர்வராக அமர்ந்த ஆசிரியர் உடலில் மறைத்த கைபேசி வழியே வினாத்தாளைக் காட்டினார். தோல் நிறக் காதணிக் கருவிகளை அணிந்திருந்த மாணவர்களுக்கு வெளியிலிருந்து விடைகள் சொல்லப்பட்டன. அது எப்படி வெளியானது? ஒரு மாணவரிடமிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி வருவதைக் கண்காணிப்பாளர் ஒருவர் கவனித்தார். நிலையத்தின் முதல்வருக்கு 2020இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

வழக்கறிஞர் தேர்விலும் ஆறாமவரின் தாளையும் நண்பரின் தாளையும் ஒப்பிட்டபோது, ஒரே போக்கும் ஒரே பிழைகளும் இருந்தது தெரிந்தது. அங்கே உதவியது விடைகளைக் கவனமாகப் படித்த கண்கள்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இணையத் தேர்வு எழுதச் சொல்லும் கல்வி நிலையத்திடம் மாணவரும் பெற்றோரும் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்பது நல்லது.

குறியிடுவது மென்பொருள் என்றால், முடிவெடுப்பது யார்? அந்த மனிதர் பதிவை முழுமையாகப் பார்ப்பாரா?

மாணவர் தம் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டா? மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்?

பதிவு எங்கே வைக்கப்படுகிறது? எப்போது அழிக்கப்படும்?

வீட்டில் அமைதியான இடமில்லாதவர் கல்வி நிலையத்துக்கே வந்து எழுதலாமா?

இணையத் தொடர்பு அறுந்தால் யாரை அழைப்பது? இழந்த நேரம் திரும்பக் கிடைக்குமா?

மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். ஒத்திகைத் தேர்வு இருந்தால் அதே கணினியில், அதே இடத்தில், அதே நேரத்தில் எழுதிப் பாருங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி அமருங்கள். வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லி வையுங்கள். தடங்கல் ஏற்பட்டால் உடனே தெரிவித்து, அதை எழுத்திலும் பதிவு செய்யுங்கள்.

ஏமாற்றுபவரைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. நேர்மையாக எழுதிய பிள்ளையின் உழைப்பைத் திருடுபவர் அவர். ஆனால் ஏமாற்றாத மாணவர்மீது பழி விழுந்தால், அவர் இழப்பது ஒரு மதிப்பெண்ணை அல்ல, பெயரை. சந்தேகத்தை எழுப்பும் வேலையைக் கருவிக்குக் கொடுக்கலாம். தீர்ப்புச் சொல்லும் வேலை மனிதரிடமே இருக்கட்டும்.